கட்டற்ற இயங்குதளங்கள் பரவிய வரலாறு

கணிப்பொறி இல்லாத அலுவலகம் இன்று நம் நாட்டில் அரிது. பள்ளியிலும், வங்கியிலும், அஞ்சலகத்திலும், இரயில் நிலையத்திலும் அது இடம்பெற்றுவிட்டது. ஆயினும், பொத்தானை அழுத்தியதும் திரையில் தோன்றி, நாம் இடும் ஏவல்களைப் பொறிக்கு உணர்த்தி, பொறி தரும் விடையை நமக்குக் காட்டும் அந்த அடிப்படை மென்பொருள் யாருடையது என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அதற்கு இயங்குதளம் என்று பெயர். கணிப்பொறியில் நாம் செய்யும் வேலை அனைத்தும் அதன்மீதே நடைபெறுகின்றது.

இயங்குதளங்களுள் இருவகை உண்டு. ஒன்று, அதனை ஆக்கிய நிறுவனத்தின் தனியுடைமை. அதன் மூல நிரலை, அதாவது அது எழுதப்பட்ட கட்டளை வரிகளை, பிறர் காண இயலாது. கட்டணம் செலுத்துவோருக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே கிட்டும். மற்றொன்று, மூல நிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டது. எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம். இதனைக் கட்டற்ற மென்பொருள் என்றும், திறமூல மென்பொருள் என்றும் வழங்குகின்றனர். இவ்விரண்டாம் வகை மேசைக் கணிப்பொறிகளில் எவ்வாறு பரவிற்று, எங்கே தடையுற்றது, நம் நாட்டில் அதற்கு எத்தகைய வரலாறு உண்டு என்பவற்றை இவ்வுரையில் காண்போம்.

தொடக்கம் ஓர் அச்சுப்பொறியில் நிகழ்ந்தது என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் பணிபுரிந்து வந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்போரின் திரையிலேயே அச்செய்தி தோன்றுமாறு அதன் நிரலை அவர் திருத்தி வைத்திருந்தார். 1980-ஆம் ஆண்டையொட்டி ஒரு புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கிற்று. ஆனால் அதன் மூல நிரல் கிடைக்கவில்லை. நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் சென்று கேட்டபோது, பிறர்க்குத் தருவதில்லை என்று தாம் ஒப்பந்தம் செய்திருப்பதாக மறுமொழி கிடைத்தது. தம் கூடத்துப் பொறியைத் தாமே பழுது பார்க்க வழியில்லை என்ற நிலை அவரைச் சிந்திக்கச் செய்தது.

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், குனு என்னும் பெயரால் முற்றிலும் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பெற்றது. 1989-இல் பொது உரிமம் என்னும் ஆவணம் வெளிவந்தது. அதன் சாரம் இதுவே: நிரலை யாரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர் அதே உரிமைகளுடன் வழங்குதல் வேண்டும். நம் நாட்டில் ஏரிக்கரையை ஊரார் கூடிச் செப்பனிட்ட குடிமராமத்து முறையை அறிந்தவர்களுக்கு இக்கருத்து புதியதன்று. கரையை உயர்த்தியவன் நீரைத் தனக்கென்று பூட்டி வைத்தல் ஆகாது என்பதே அதன் அறம்.

எனினும் குனு திட்டத்தில் ஒரு குறை இருந்தது. இயங்குதளத்தின் உட்கருவாகிய பகுதி நிறைவுறாதிருந்தது. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அக்குறையை நிரப்பினார். லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் அவ்விளைஞருக்கு அப்போது வயது 21. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டில் அதனைப் பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். லினக்ஸ் எனப் பெயர்பெற்ற அவ்வுட்கருவும் குனுவின் கருவிகளும் இணைந்தபின் முழு இயங்குதளம் உருவாயிற்று. 1993-இல் டெபியன் என்னும் தொகுப்பு தோன்றியது. 1996-இல் கே.டி.இ. திட்டமும், 1997-இல் க்னோம் திட்டமும் தொடங்கின. நிரல் அறியாத எளிய மக்களும் சுட்டியை நகர்த்தியே வேலை செய்யத்தக்க திரைமுகப்பு இவற்றால் அமைந்தது. 2004-இல் வெளிவந்த உபுண்டு, கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகடுகளை அஞ்சலில் இலவசமாக அனுப்பி வைத்தது.

பெரும் நிறுவனங்களின் வழங்கிப் பொறிகளில் லினக்ஸ் விரைவாக இடம்பிடித்தது. மேசைக் கணிப்பொறியிலோ அதன் நடை மெதுவாயிற்று. காரணங்கள் மூன்று. கடையில் வாங்கும் பொறியிலேயே தனியுடைமை இயங்குதளம் நிறுவப்பட்டிருப்பது முதற் காரணம். கற்ற கை கற்றதையே நாடும் என்பது இரண்டாவது. பல்லாண்டுகளாகச் சேர்த்த கோப்புகளும், கடித வார்ப்புகளும், கணக்குத் தாள்களும் பழைய மென்பொருளின் வடிவத்திலேயே இருப்பது மூன்றாவது. விலையில்லை என்ற ஒன்று மட்டும் இம்மூன்றையும் வெல்லப் போதாது. இவ்வுண்மையை ஜெர்மனியின் மியூனிக் நகரம் உலகிற்கு உணர்த்திற்று.

2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் மியூனிக் நகர மன்றம், தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தது. அதற்குமுன், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் பால்மர் தம் விடுமுறையை இடையில் நிறுத்தி, நகரத் தலைவர் கிறிஸ்தியான் ஊடேயை நேரில் சந்தித்துச் சலுகைகள் பேசினார் என்பது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்ட செய்தி. மன்றம் தன் முடிவில் நின்றது. லிமக்ஸ் என்று பெயரிடப்பட்ட அத்திட்டத்தில், 2013-ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய 15,000 கணிப்பொறிகள் மாற்றப்பட்டன. கடித வார்ப்புகளைக் கையாளுவதற்கென்றே வோல்மக்ஸ் என்னும் கருவியையும் நகராட்சி ஆக்கிப் பொதுவில் வைத்தது.

ஆனால் 2014-இல் நகரத் தலைவர் மாறினார். வெளி அலுவலகங்களிலிருந்து வரும் கோப்புகள் சரிவரத் திறப்பதில்லை என்றும், வேலைகள் தாமதப்படுகின்றன என்றும் ஊழியர்கள் முறையிட்டனர். கணிப்பொறிப் பணிகள் பல துறைகளில் சிதறிக் கிடந்ததே பெருங்குறை என்று வல்லுநர் ஆய்வு சுட்டியபோதும், பழி இயங்குதளத்தின்மீதே விழுந்தது. 2017-இல் மன்றம் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. 2020-இல் பொறுப்பேற்ற கூட்டணியோ, இயன்ற இடங்களில் திறமூலத்திற்கே முதலிடம் என்று மறுபடியும் கொள்கை வகுத்தது. ஆட்சி மாறுந்தோறும் அலுவலர் மேசையிலுள்ள கருவியும் மாறும் என்றால், ஊழியர் சலிப்புறுவதில் வியப்பில்லை.

இதற்கு மாறாக, பிரான்சு நாட்டின் ஜாந்தர்மெரி என்னும் காவற்படை வேறொரு வழியைக் கைக்கொண்டது. அவர்கள் முதலில் இயங்குதளத்தைத் தொடவில்லை. 2005-ஆம் ஆண்டில், பழைய இயங்குதளத்தின்மீதே ஓபன் ஆபீஸ் என்னும் கட்டற்ற எழுத்துச் செயலியைப் புகுத்தினர். அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும், தண்டர்பேர்டு அஞ்சற் செயலியும் வந்தன. ஊழியர்களின் கை இவற்றுக்குப் பழகிய பின்னரே, 2008-இல் அடித்தளத்தை உபுண்டுவாக மாற்றத் தொடங்கினர். நாள்தோறும் கையாளும் செயலிகள் மாறாமையால் பலருக்கு மாற்றம் பெரிதாகத் தோன்றவில்லை. 2024-ஆம் ஆண்டில் அப்படையில் ஒரு லட்சத்தை எட்டிய கணிப்பொறிகள் இம்முறையில் இயங்கின. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் தன் 30,000 கணிப்பொறிகளை லிப்ரே ஆபீஸுக்கும், பின்னர் லினக்ஸுக்கும் மாற்றும் முடிவை அறிவித்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்தியாவில் மேசைக் கணிப்பொறியில் கட்டற்ற இயங்குதளம் வேரூன்றிய இடம் எது என்று கேட்டால், கேரளத்தின் பள்ளிக்கூடம் என்று தயங்காமல் கூறலாம்.

பேராசிரியர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001-ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் பாடம் தனியுடைமை மென்பொருளை ஒட்டியே அமைந்தது. ஒரு நிறுவனத்தின் சரக்கைப் பழக்குவது அரசுப் பள்ளியின் வேலையா என்று ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கேள்வி எழுப்பினர். அதே 2001-இல் திருவனந்தபுரத்தில் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றிருந்தமையால், அக்கேள்விக்கு வலுவும் இருந்தது. விவாதம் நெடுநாள் நடந்தது. முடிவில் பள்ளிகளுக்கென்றே டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஓர் இயங்குதளத் தொகுப்பு அமைக்கப்பட்டது. பின்னாளில் அது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது.

கேரளம் கைக்கொண்ட முறையில் கருதத்தக்கவை பல. முதலாவதாக, ஆசிரியர்கள் முன்னதாகவே பயிற்சி பெற்றனர். பயிற்சி அளித்தவர்களும் ஆசிரியர்களே. கணக்கு ஆசிரியர் வடிவியலை ஜியோஜீப்ராவில் வரைந்து காட்டவும், ஓவியம் கற்பிப்பவர் கிம்ப் செயலியில் தீட்டவும் பழகினர். பழுது நேர்ந்தால் தொலைவிலுள்ள நிறுவனத்தை நாடாமல், பக்கத்துப் பள்ளியின் ஆசிரியரையே அழைக்க முடிந்தது. இரண்டாவதாக, தகவல் தொழில்நுட்பம் பத்தாம் வகுப்பில் கட்டாயப் பாடமாயிற்று. அதன் செய்முறைத் தேர்வும் சில ஆண்டுகளுக்குள் முழுவதுமாகக் கட்டற்ற இயங்குதளத்திலேயே நடைபெறலாயிற்று. நம் நாட்டில் தேர்வுக்கு வராத பாடத்தைப் பெற்றோர் மதிப்பதில்லை. தேர்வு மாறியவுடன் வீட்டுக் கணிப்பொறியும் மாறத் தொடங்கியது. மூன்றாவதாக, ஆட்சிக் கூட்டணிகள் மாறி மாறி வந்தபோதும் இத்திட்டம் கைவிடப்படவில்லை. மியூனிக்கில் அறுந்த நூல் இங்கே அறவில்லை.

2017-இல் இத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. 2018-இல் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்கள் பள்ளிகளில் தொடங்கப்பட்டன. 2019-இல் புதிய பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் அது நிறுவப்படும் என்றும், உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் அந்நிறுவனம் கணக்கிட்டது. கேரளத்தில் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு என்பதை நேயர்கள் அறிவர். அங்குப் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளும் இவ்வியங்குதளத்திலேயே கற்கின்றனர்.

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. 2007-ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட், தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கும் பிற அரசு அலுவலகங்களுக்கும் அதனைப் பரப்ப முயன்றது. 2005-இல் சென்னையில் சி-டாக் நிறுவனமும், அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கே.பி.சி. ஆய்வு மையமும் இணைந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அதன் பயனாக, 2007-இல் பாஸ் என்னும் பாரத இயங்குதளம் வெளியாயிற்று. டெபியனை அடிப்படையாகக் கொண்ட அது, இந்திய மொழிகள் பலவற்றில் இயங்குமாறு அமைந்தது. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் பெற்ற கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இடம்பெற்றது. ஆனால் இரண்டும் ஒரே பொறியில் இருந்தபோது, ஆசிரியர் எதனைத் திறந்து கற்பித்தாரோ அதனையே மாணவரும் திறந்தனர். பொறியில் வைத்ததனால் மட்டும் ஒரு மென்பொருள் வழக்கில் வந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2015-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மத்திய அரசு திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கையை வெளியிட்டது. மின்னாளுகைத் திட்டங்களுக்கு மென்பொருள் கொள்முதல் செய்யும்போது திறமூலத்திற்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும், அதனை விலக்கினால் காரணம் காட்டவேண்டும் என்றும் அது கூறுகின்றது. 2023-இல் பாதுகாப்பு அமைச்சகம், வலைப்பின்னலுடன் இணைந்த தன் கணிப்பொறிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா என்னும் இயங்குதளத்தைப் புகுத்துவதாகச் செய்தித்தாள்கள் எழுதின. நாட்டின் காவலுக்குரிய பொறியில் இயங்கும் நிரலை நம்மவர் படித்துப் பார்க்க வழியிருத்தல் வேண்டும் என்ற எண்ணம் இதற்கு அடிப்படை எனலாம்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இவ்வரலாற்றில் தனிப்பட்ட ஈடுபாடும் உண்டு. அதற்கான காரணத்தைக் கூறுவோம்.

நாம் பணியேற்ற ஓர் அலுவலகத்தில், முன்னிருந்தோர் செய்த மொழிபெயர்ப்புகள் குறுந்தகடுகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவை ஒரு தனியார் எழுத்துருவில், அதற்கே உரிய செயலியில் தட்டச்சிடப்பட்டவை. அச்செயலி, கணிப்பொறியின் பின்புறம் செருகும் ஒரு சிறு பூட்டு இருந்தால்தான் திறக்கும். அலுவலகம் இடம் மாறியபோது அப்பூட்டு தொலைந்துபோயிற்று. விற்ற நிறுவனமோ தொழிலை மூடிவிட்டது. கோப்பைத் திறந்தால் தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே வரிவரியாய்த் தோன்றின. ஓய்வூதிய விதிகளின் மொழிபெயர்ப்பு ஒன்றிற்கு, ஓரம் செல்லரித்த தாட்படி மட்டும் எஞ்சியிருந்தது. சில பக்கங்கள் முற்றிலும் அழிந்திருந்தன. நாமும் நம் தோழர் ஒருவரும் அதனை மீண்டும் மொழிபெயர்த்துத் தட்டச்சிட்டு முடிக்கப் பல மாதங்கள் சென்றன. ஒரே வேலைக்கு மக்கள் வரிப்பணம் இருமுறை செலவாயிற்று. அவ்விதிகளை எதிர்நோக்கி விண்ணப்பம் இட்டிருந்த முதியோர் காத்திருந்ததற்குக் கணக்கில்லை. எழுதியது நம் அலுவலகம்; ஆனால் அதனைப் படிக்கும் திறவுகோல் பிறர் கையில் இருந்தது.

எழுத்துருச் சிக்கலை ஒருங்குறி பெரிதும் தீர்த்துவிட்டது. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதனைத் தரமாக ஏற்றது. ஆயினும் குறியீடு இருந்தால் போதாது. திரையில் அது சரியாகத் தோன்றவும் வேண்டும். தமிழில் கொம்பு, மெய்க்கு முன் எழுதப்படினும் பின்னரே ஒலிக்கப்படுகின்றது. ஒகர உயிர்மெய்யில் குறி இருபுறமும் அமைகின்றது. இத்தகைய நுட்பங்களைப் பொறிக்கு உணர்த்தும் நிரல் மூடிக்கிடந்தால், நிறுவனம் மனம்வைக்கும் வரை காத்திருப்பதே வழி. திறந்திருந்தால், தமிழறிந்த ஒருவரே அதனைத் திருத்தி உலகிற்கு அளிக்கலாம். அவ்வாறே தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா முதலிய இடங்களிலிருந்த தன்னார்வலர்கள் கே.டி.இ., க்னோம் ஆகியவற்றின் திரைமுகப்பைத் தமிழாக்கினர். ‘கோப்பு’, ‘தொகு’, ‘சேமி’ போன்ற சொற்கள் திரையில் ஏறின. ‘பதிவிறக்கம்’ என்பதா, ‘தரவிறக்கம்’ என்பதா என்று கடலின் இருகரையினரும் வாதிட்டனர். 2002-இல் தொடங்கிய சுதந்திர மலையாளக் கணிமை இயக்கம் மலையாளத்துக்கு இதே தொண்டைச் செய்தது. தனியுடைமை நிறுவனங்களும் நம் மொழிகளில் வெளியீடுகள் தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றில் ஒரு சொல் பிழையாயிருந்தால் அதனைத் திருத்தும் உரிமை நமக்கில்லை.

இவ்வரலாறு கற்பிப்பதைத் தொகுத்துக் காண்போம். கட்டற்ற இயங்குதளம் பரவவேண்டுமாயின், செயலிகள் முதலிலும் அடித்தளம் பின்னரும் மாறுதல் நன்று. பழைய கோப்புகளையும் வார்ப்புகளையும் திறந்த வடிவத்திற்கு மாற்றும் வேலையைத் தலைவேலையாகக் கொள்ளவேண்டும். பழுது பார்ப்பவர் ஊழியர்க்கு அருகில் இருக்கவேண்டும். தாய்மொழியில் முகப்பு அமையவேண்டும். எடுத்த முடிவைப் பத்தாண்டுகளேனும் மாற்றாது நிற்கும் உறுதி வேண்டும். இவையனைத்திற்கும் பணம் தேவைப்படும். உரிமக் கட்டணம் மிச்சமாகும் என்று கூறுவோர், மிச்சமான தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்காவிடில், மியூனிக்கின் முறையீடுகளை இங்கும் கேட்க நேரும்.

காலமும் நம்மை நெருக்குகின்றது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10 பதிப்பிற்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பு வேண்டும் வன்பொருள் வசதிகள் பல பழைய கணிப்பொறிகளில் இல்லை. நல்ல நிலையில் இயங்கும் அப்பொறிகளைக் குப்பையில் எறிவதா, அன்றிக் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவி இன்னும் சில ஆண்டுகள் பயன்கொள்வதா என்னும் கேள்வி, பல பள்ளித் தலைமையாசிரியர்களின் முன்னும் சிற்றலுவலகங்களின் முன்னும் நிற்கின்றது. விடை கூறுமுன் அவர்கள் அருகிலுள்ள ஒரு பழைய பொறியில் அதனை நிறுவி, ஓர் ஆசிரியரையோ எழுத்தரையோ ஒரு திங்கள் அதில் வேலை செய்யச் சொல்லிப் பார்க்கலாம். அதற்கு யாரிடமும் உரிமம் பெறவேண்டியதில்லை. ஊர் கூடி இழுத்தாலன்றித் தேர் நகராது என்பர். வடம் நம் கைக்கு எட்டும் தொலைவிலேயே கிடக்கின்றது.